கோடு போட்ட ஒரு நோட்டு: 14 மாதம் எழுதிய பிறகு

ஒரு நோட்டுக்கு மதிப்புரை எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 192 பக்கம், கெட்டி அட்டை, நூலால் தைத்த கட்டு, வெளிர்நீலக் கோடு. இதில்தான் 14 மாதமாக எங்கள் வீட்டுச் செலவை எழுதி வருகிறேன். முதல் நோட்டு பத்தாவது மாதத்தில் தீர்ந்துவிட்டது, இப்போது ஓடுவது இரண்டாவது. நான், கணவர், 11 வயது மகள் என்று மூன்று பேர் உள்ள வீடு. இரண்டு சம்பளம் வருகிறது, பெரிய கடன் எதுவும் இல்லை. இருந்தும் மாதத்தின் கடைசி வாரம் வந்தால் கையைக் கடிக்கும். "எங்கே போச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். இரண்டு பேருக்குமே பதில் தெரியாது.

நேராக நோட்டுக்கு வந்துவிடவில்லை. முதலில் வாங்கியது, செலவுத் திட்டத்துக்கென்றே அச்சடித்த ஒரு டைரி. மாதத்துக்கு ஒரு வண்ண அட்டவணை, இலக்கு எழுத ஒரு பக்கம், ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் என்று பார்க்க அழகாக இருந்தது. செலவை 22 தலைப்புகளில் பிரிக்கச் சொன்னது. ஒரு சோப்பு வாங்கினால் அது வீட்டுப் பராமரிப்பா, உடல் பராமரிப்பா என்று யோசித்தே அலுத்துப்போகும். ஆறு வாரத்தில் நின்றுவிட்டது. அப்புறம் ஃபோனில் ஒரு ஆப். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படித்து அதுவே கணக்கைப் பதிந்துகொள்ளும். எட்டு மாதம் ஓடியது. கணக்குத் தவறவே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் அதுவே செய்துகொண்டதால் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் ஒரு வட்ட வரைபடம் காட்டும், அதில் ஆகப் பெரிய துண்டுக்குப் பெயர் 'மற்றவை'. ஒரு நாள் அந்த ஆப்பிலேயே தனிநபர் கடன் விளம்பரம் வந்தது. செலவைக் குறைக்க வழி தேடி வந்தவளிடம் கடன் வாங்கச் சொன்னால் கோபம் வராதா? அன்றே நீக்கிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஹானி மோட்டோகோவைப் பற்றிப் படித்தேன். ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர் என்று அறியப்படுபவர், 1873-ல் பிறந்தவர். கணவரோடு சேர்ந்து பெண்களுக்கான பத்திரிகை நடத்திய இவர், 1904-ல் வீட்டுச் செலவு எழுதுவதற்கென்றே ஒரு ஏட்டை வடிவமைத்து வெளியிட்டார். ஜப்பானிய மொழியில் 'ககெய்போ', அதாவது வீட்டுக் கணக்கு ஏடு. நூறு வருஷம் தாண்டியும் அவர் பெயரிலேயே அது அங்கே விற்பனையில் இருக்கிறது. இன்று பல நாடுகளில் அந்தப் பெயரில் சொல்லிக்கொடுக்கப்படும் முறையில் நான்கு பிரிவுகள்: தேவை, விருப்பம், பண்பாடு, எதிர்பாராதது. புத்தகம், இசை போன்றவை பண்பாட்டில் சேரும்.

இரண்டு மாதம் அப்படியே எழுதிப் பார்த்தேன். தேவைக்கும் விருப்பத்துக்கும் நடுவே எனக்குக் கோடு போட வரவில்லை. மகளுக்கு ஷூ தேவைதான். ஆனால் பக்கத்தில் இருந்த சாதா ஷூவை விட்டுவிட்டு ஒன்றரை மடங்கு விலையில் எடுத்தேனே, அந்த அரை மடங்கு எந்தப் பிரிவில் சேரும்? கடைசியில் நான்கு பிரிவையும் விட்டுவிட்டு, பென்சிலும் ஸ்கேலும் எடுத்து நானே பத்தி பிரித்தேன். தேதி, பொருள், அளவு, தொகை. வலது ஓரத்தில் இன்னொன்று: 'எதற்கு'.

அந்த ஐந்தாவது பத்திக்காகத்தான் இந்த மதிப்புரையே.

மார்ச் 9, எழுதும் மேசை. எதற்கு: 'பழையது ஆடுகிறது'. ஏப்ரல் 2, நாற்காலி. எதற்கு: 'மேசைக்குப் பொருந்த'. ஏப்ரல் 20, மேசை விளக்கு. 'மேசைக்குப் பொருந்த'. மே 11, தரை விரிப்பு. முதலில் 'அறைக்கு' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'மேசைக்குப் பொருந்த' என்று திருத்தியிருக்கிறேன். அடித்த இடத்தில் பென்சில் முனை அழுந்தித் தாள் லேசாகக் கிழிந்திருக்கிறது. அந்த வரியை எழுதும்போதுதான் மேலே பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நாற்காலி, விளக்கு, விரிப்பு மூன்றையும் கூட்டினால் மேசையின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பழைய நாற்காலியில் ஒரு குறையும் இல்லை. பழைய மேசையிலும் ஒரு கால் ஆட்டம் தவிர வேறு குறை இல்லை. அதை எடுத்துப்போக வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, என் கண் முன்னாலேயே இரண்டு திருகு திருகி நேராக நிறுத்திவிட்டுத் தூக்கிப்போனார்.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெனி டிடெரோவுக்கு இதேதான் நடந்திருக்கிறது. அழகான சிவப்பு அங்கி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதன் பக்கத்தில் அறையில் இருந்த மற்றதெல்லாம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. வைக்கோல் நாற்காலி போய்த் தோல் நாற்காலி வந்தது, அதன் பின்னால் ஒவ்வொன்றாக மற்றவையும் மாறின. பழைய அங்கியைக் கைவிட்ட வருத்தத்தை ஒரு கட்டுரையாகவே எழுதிவைத்தார். ஒரு புதுப்பொருள் தனக்குத் துணையாக இன்னும் பல பொருளை இழுத்து வருவதற்கு, மானுடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988-ல் 'டிடெரோ விளைவு' என்று பெயர் வைத்தார். இதை எங்கோ படித்திருந்தால் சுவாரசியம் என்று கடந்துபோயிருப்பேன். என் கையெழுத்திலேயே மூன்று முறை அடுத்தடுத்துப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

ஆப் செய்யாத எதை நோட்டு செய்கிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். எழுதுவதற்கு நேரம் ஆகிறது, அவ்வளவுதான். கடைகள் பல வருஷமாக அந்த நேரத்தைத்தான் குறைத்துக்கொண்டே வருகின்றன. ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது, 2017-ல் காலாவதியாகும் வரை வைத்திருந்தது. முகவரி, கார்டு எண் எல்லாம் தட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் மனசு மாறிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுக்கு மாணவர்களிடம் ஏலம் வைத்தார்கள். பாதிப் பேர் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், பாதிப் பேர் கிரெடிட் கார்டில் கொடுக்கலாம். கார்டுக்காரர்கள் கேட்ட தொகை ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே டிக்கெட், அதே ஆட்டம். கையிலிருந்து எண்ணிக் கொடுப்பதில் ஒரு சுருக் இருக்கிறது. ஃபோனைக் காட்டிவிட்டு வருவதில் அது இல்லை. நோட்டில் தொகையை எழுதும்போது அந்த சுருக் திரும்ப வருகிறது, சாயந்தரம் வீட்டுக்கு வந்த பிறகானாலும்.

வாங்கிய பிறகு வருந்தி என்ன பயன் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குத்தான் நோட்டின் பின்பக்கம். தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து தனியாக எழுதுகிறேன். 'காத்திருப்பு' என்று தலைப்பு. வேண்டும் என்று தோன்றும் பொருளைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும், 30 நாள் வரை வாங்கக் கூடாது. மருந்துக்கும், உடைந்துபோய் வேலை நிற்கிற பொருளுக்கும் இது கிடையாது. 14 மாதத்தில் 63 பொருள் இந்தப் பக்கங்களில் ஏறியது. 41-ஐ அடித்தாயிற்று. 13 வாங்கினோம். 5 பொருள் அக்கம்பக்கத்திலும் தெரிந்தவர்களிடமும் இரவல் கிடைத்தது. 4 இன்னும் காத்திருக்கிறது.

அடித்த 41-ல் மனசைக் கட்டுப்படுத்தி அடித்தது என்று பார்த்தால் ஐந்தாறு கூட இருக்காது. மற்றதெல்லாம் மறந்துபோனவை. நீராவியால் தரை துடைக்கும் கருவி என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதிய ராத்திரி, அது இல்லாமல் வீடு எப்படிச் சுத்தமாகும் என்று கணவரிடம் அரை மணி நேரம் பேசியது நினைவிருக்கிறது. 30 நாள் கழித்து அந்த வரியைப் பார்த்தபோது அந்த ஆசையின் சுவடு கூட இல்லை. எத்தனை பொருளை இப்படி ஒரு ராத்திரியின் ஆசையில் வாங்கி அலமாரியில் அடுக்கியிருக்கிறேன் என்று நினைத்தால் உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. வாங்கிய 13 பொருளும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன. 'தள்ளுபடி இன்று இரவு வரை' என்று பார்த்த ஏழு பொருளுக்கு அந்த விலையையும் பக்கத்தில் குறித்துவைத்தேன். ஐந்துக்கு ஒரு மாதத்துக்குள் அதே விலையோ அதற்கும் குறைவோ திரும்ப வந்தது.

'அளவு' பத்தியை முதலில் ஒப்புக்குத்தான் போட்டேன். ஆறாவது மாதம் அது தன் வேலையைக் காட்டியது. எப்போதும் வாங்கும் சலவைத்தூள், அதே நிறப் பொட்டலம், அதே விலை. முந்தைய வரியில் 1 கிலோ என்று இருக்கிறது, அன்று எழுதியது 900 கிராம். பொட்டலத்தின் உயரத்தில் வித்தியாசமே தெரியவில்லை. அதன் பிறகு எதை வாங்கினாலும் கிலோவுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கிற பழக்கம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே விலையோடு இந்த அலகு விலையையும் கடைகள் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. பிரான்ஸில் 2024 ஜூலை முதல், அளவைக் குறைத்து விலையைக் குறைக்காமல் விற்கும் பொருளுக்குப் பெரிய கடைகள் அறிவிப்பு வைக்க வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் நாமே எழுதிவைத்தால்தான் உண்டு.

சந்தாக்களுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கினேன். எழுதி முடித்தபோது ஏழு இருந்தது, அதில் மூன்றை மாதக்கணக்கில் யாரும் தொடவே இல்லை. இரண்டை உடனே நிறுத்த முடிந்தது. மூன்றாவதில் சேர ஒரு பொத்தான் போதும், விலக மட்டும் ஃபோனில் கூப்பிட்டுக் காரணம் சொல்ல வேண்டும் என்றார்கள். மூன்று தடவை கூப்பிட்டேன். ஜெர்மனியில் 2022 ஜூலையிலிருந்து, இணையத்தில் சேர்க்கும் சந்தாவுக்கு விலகும் பொத்தானும் இணையத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். எல்லா இடத்திலும் வர வேண்டிய சட்டம் இது.

இனி, நோட்டால் வந்த ஒரு சங்கடம். வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது மாதம் கணவர் ஒரு ஹெட்ஃபோன் வாங்கி வந்தார். ராத்திரி நோட்டை அவர் பக்கம் தள்ளி, "எதற்குன்னு எழுதிடுங்க" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நானும்தானே சம்பாதிக்கிறேன். ஒரு ஹெட்ஃபோனுக்கு உன்கிட்ட காரணம் எழுதிக் கொடுக்கணுமா?" என்றார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவர் பெயரில் இருந்த வரிகளுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள். நானே போட்டது, போட்ட நினைவுகூட இல்லை. என் வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி கூட இல்லை.

அதை அழித்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் உட்கார்ந்து ஒன்று முடிவு செய்தோம். மாதம் ஆளுக்கு ஒரு தொகை, மகளுக்கும் அவள் வயதுக்கு ஏற்ப ஒன்று. அதை யார் எதில் செலவழித்தாலும் நோட்டில் ஏற வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது. அதற்கு மேல் போவது மட்டும்தான் எல்லோருக்கும் பொதுவான கணக்கு. இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் அவர் நோட்டைத் தானாக எடுத்து எழுத ஆரம்பித்தார். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் நோட்டை வைத்துக்கொண்டால் அது கணக்கு நோட்டாக இருக்காது, புகார் நோட்டாக ஆகிவிடும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், நீங்கள் பட வேண்டாம்.

மகள் விஷயத்தில் நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் அவளாக வந்து, "அம்மா, காத்திருப்புல எனக்கும் ஒரு பக்கம் குடுக்கிறியா?" என்று கேட்டாள். முதல் வரியில் ஸ்கேட்டிங் ஷூ என்று எழுதி, பக்கத்தில் அதன் படத்தையும் வரைந்தாள். 30 நாளும் தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். 31ஆம் நாள் வாங்கிக் கொடுத்தோம். இன்றும் வாரத்துக்கு மூன்று நாள் அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். காத்திருப்பதால் ஆசை எல்லாமே வற்றிவிடும் என்று நான் நினைத்திருந்தேன், அவள் ஆசை வற்றவில்லை. உண்மையான ஆசைக்கு நோட்டில் இடம் இருக்கிறது என்று அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

பொருளாகப் பார்த்தால் இந்த நோட்டில் குறைகள் உண்டு. தாள் மெல்லியது, மை பேனாவில் எழுதினால் பின்பக்கம் ஊறித் தெரிகிறது. பென்சிலோ பால்பாயிண்ட் பேனாவோதான் சரி. கூட்டல் நாமே போட வேண்டும். நான் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டி அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்து எழுதுகிறேன். மாதத்தில் ஒருமுறையாவது எங்கேயோ தப்பு விழுந்து தேட வேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் காப்பீடு, பள்ளிக் கட்டணம் போன்றவை அந்த மாதத்தின் கணக்கையே புரட்டிப் போட்டுவிடும். அதனால் அவற்றை ஒரு பக்கத்தில் தனியாகப் பட்டியல் போட்டுப் 12-ஆல் வகுத்து, அந்தப் பங்கை மாதாமாதம் எடுத்துவைக்கிறோம். தொலைந்தால் மறுபிரதி கிடையாது என்பதால் மாதக் கூட்டல் இருக்கும் பக்கத்தை மட்டும் ஃபோனில் படம் எடுத்துவைக்கிறேன். கட்டு பற்றி ஒரு வார்த்தை: பசையால் ஒட்டிய நோட்டு வேண்டாம். இரண்டு பக்கத்திலிருந்தும் திறந்து எழுதும்போது முதுகு விட்டுவிடும். நூலால் தைத்தது தட்டையாக விரியும், பத்து மாதமும் ஒரு தாள் கூட உதிரவில்லை.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். முதலில் அலமாரியில் வைத்தேன், வாரத்துக்கு நாலு நாள் மறந்தது. இப்போது வாசல் பக்கம் சாவி மாட்டும் ஆணியின் கீழே ஒரு சின்னப் பலகையில் கிடக்கிறது, பென்சிலை நூலால் கட்டியிருக்கிறது. பையிலிருக்கும் பில்களை அங்கேயே போட்டுவிட்டு, படுக்கப்போகும் முன் ஐந்து நிமிஷத்தில் எழுதிவிடலாம். விட்டுப்போன நாளைத் துரத்திப் பிடிக்க நான் முயல்வதில்லை. கோடு ஒன்று போட்டு 'எழுதவில்லை' என்று குறித்துவிட்டு அன்றைய தேதியிலிருந்து தொடருவேன். மூன்று நாள் பாக்கியை நினைத்து நோட்டையே மூடிவைக்கிற ஆபத்து இதனால் போனது.

பலன் என்ன என்று கேட்டால், முதல் இரண்டு மாதத்தோடு ஒப்பிட்டால் எங்கள் மாதச் செலவு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. வாழ்க்கையில் எதையும் இழந்ததாக மூவரில் யாருக்கும் தோன்றவில்லை. மிச்சமான பணம் ஒரு தனிக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. முன்பு அது எங்களுக்குக் கனவு. வருமானமே போதாமல் ஒவ்வொரு காசையும் ஏற்கெனவே எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு இந்த நோட்டால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. அவர்கள் கணக்கு அவர்கள் மனசிலேயே இருக்கிறது, அவர்களுக்குத் தேவை கூடுதல் சம்பளம். எங்களைப் போல வருவது போதும், போவதுதான் தெரியவில்லை என்று இருக்கிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் தாளுக்காகக் குறைத்தது.

வாங்குவதற்கு முன் வீட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பத்தாவது மாதத்தில் முதல் நோட்டு தீர்ந்தபோது அதே மாதிரி இன்னொன்று வாங்கக் கிளம்பினேன். மகள்தான் தன் மேசைக்கு அடியிலிருந்து போன வருஷத்து அறிவியல் நோட்டை எடுத்து வந்தாள். முதல் 30 பக்கத்தில் பூவின் பாகங்களும் நீர் சுழற்சியும், மிச்சம் 110 பக்கம் வெறுமை. இப்போது எழுதுவது அதில்தான். அட்டையில் அவள் பெயரும் வகுப்பும் இருக்கும் லேபிளை அப்படியே விட்டிருக்கிறோம், பாடம் என்ற இடத்தில் மட்டும் 'அறிவியல்' என்பதை அடித்துவிட்டு 'வீடு' என்று எழுதியிருக்கிறாள்.